லட்சத்துக்கு நானூறு குறைவு

ஜூலை இருபத்தொன்பது.
காவேரிப்பட்டணம் துணை மின்நிலையத்தில்
ஷம்ஷாத் மேடம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள்
மேசையைச் சுற்றி வரிசை நின்றுவிடும்.
ஆடிட்டருக்கு எதற்கு ஆயிரம் ரூபாய்,
நாமே போட்டுக்கொள்ளலாம் என்று
வீறாப்பாய் உட்கார்ந்து
மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

லைன்மேன் முனிரத்தினத்துக்கு மாங்காய்ச் சந்தேகம்.
செந்தூரா ஒரு லோடு கூழ் ஆலைக்குப் போட்டாராம்.
அந்தக் காசு வருமானமா, இல்லையா?
'வருமானம்தான். வரி இல்ல.
ஆனா ஐயாயிரத்தத் தாண்டினா
நீங்க திறந்து வெச்சிருக்கிற படிவமே வேற.'
'வரி இல்லாதத எதுக்கு மேடம் காட்டணும்?'
மேடம் பதில் சொல்லாமல்
ஊறுகாய் மூடியைத் திருகினார்.

ஸ்டோர்ஸ் ஜெபமணிக்கு
சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டி
முந்நூற்றுப் பன்னிரண்டு.
'அதையுமா?'
'அதையும். நீங்க மறந்துடுவீங்க.
பேங்க் மறக்காது.'

என் முறை.
பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துவிட்டேன்,
குரல் நடுங்காமல்.
'அம்மாவுக்கு வாடகை கொடுக்கறதா
காட்டலாமா மேடம்?'

மாதம் எட்டாயிரத்து முந்நூறு.
எங்கள் ஆபீசில் பாதிப் பேர் எழுதும் தொகை.
வருஷம் முழுக்கக் கூட்டினால்
லட்சத்துக்கு நானூறு குறைவு.
அந்த நானூறு ரூபாய் தள்ளி நின்றால்
வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்பாரில்லை.

'வீடு யார் பேர்ல?'
அம்மா பேரில்தான்.
பழையபேட்டையில், மலைக்குக் கீழே.
பதினெட்டு சீசன் கூழ் ஆலையில்
கொட்டை பிதுக்கிய கூலியில் வாங்கிய இடம்.
'அப்ப காட்டலாம்.'
எனக்கு மூச்சு வந்தது.

'கொடுக்கறியா?'

வெளியே டிரான்ஸ்பார்மர்
உம்மென்று உறுமிக்கொண்டிருந்தது.
எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
சப்பாத்தியைக் கிழித்த விரல்கள்
அப்படியே காத்திருந்தன.

'இல்ல மேடம்.'

'அப்ப பூஜ்ஜியம் போடு.
போனது போச்சு.
இந்த மாசத்துலேர்ந்து கொடு, பேங்க் வழியா.
அடுத்து?'

பூஜ்ஜியம் போட்டேன்.
கட்ட வேண்டியது ஆறாயிரத்து நாற்பது என்று
சிவப்பில் வந்தது.
கட்டினேன்.
ஆதார் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கத்தை
கொசு அடித்த கையோடு தட்டிவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் ஒன்று.
அம்மா பட்டன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
'எவனோ தப்பா பணம் போட்டுட்டாண்டா.
பாவம், தேடிட்டு இருப்பான்.'

'வாடகைம்மா. நான்தான்.'

கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் என்னை.
பிறகு ஆரம்பித்தாள்.
கரண்ட் பில் இதில் சேர்ந்ததா, தனியா?
அட்வான்ஸ் எங்கே?
காலி பண்ணுவதாயிருந்தால்
எத்தனை மாதம் முன்னால் சொல்வாய்?
இவற்றுக்கு ஷம்ஷாத் மேடத்திடமும்
பதில் இருக்குமா தெரியவில்லை.

ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி
அதன்மேல் தெலுங்கில் எழுதினாள்: கெங்கம்மா.
அந்தக் கையெழுத்தை
நான் ரேஷன் கார்டில் பார்த்ததோடு சரி.
ரசீதை நீட்டும்போது சொன்னாள்,
'செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது.'

மேற்கு ஜன்னல் ஒழுகுகிறது என்று
நாலு மழைக்காலமாய் என்னிடம்
சொல்லிக்கொண்டே இருந்தவள்.
ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்,
ஞாயிற்றுக்கிழமை ஆள் பாக்கறேன் என்று
நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் நல்ல மழை.
பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து
முதல்முறையாக நான் சொன்னேன்,
'அம்மா, ஜன்னல் ஒழுகுது.'

'கொத்தனாருக்குச் சொல்லியாச்சு,
காலைல வருவான்'
என்றாள்
வீட்டுக்காரி.