சொல்லுக்கு எழுபது காசு

பாங்சார் சவுத்தில் பதினெட்டாம் மாடி.
குளிருக்கு ஒரு பொதுச் சால்வை வைத்திருக்கிறார்கள்,
யார் யாரோ போர்த்திய பவுடர் வாசத்துடன்.

மலாய் வந்துவிட்டது, சீனம் வந்துவிட்டது,
தமிழ் மட்டும் பாக்கி என்றாள் ஜேனிஸ் கோ.
ஒரே ஒரு வரி:
நீ இப்படி இருப்பதே போதும்.
இதற்கு ஏன் இரண்டு நாள்?

ஆகும், ஜேனிஸ்.
எங்கள் மொழியில் போதும் என்பது
சோற்றுக்கு மேல் கையை விரித்துச் சொல்வது.
பக்கத்து அறையில் குரல் உயரும்போது
கதவைச் சாத்தியபடி சொல்வது.
பெண் பார்க்க வந்தவர்கள்
காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்வது.
ஒருவர் இன்னொருவரைப் பார்த்து
ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

உனக்கு நீயே போதும் என்றால்
யாரோ விட்டுப்போனவள் மாதிரி இருக்கிறது.
நீயே அழகு என்றால்
வெளியே அனுப்பிய அழகு
பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவள் குறித்துக்கொண்டாள்.
உண்மையாகவே குறித்துக்கொண்டாள்,
அதுதான் சங்கடம்.
கூட்டத்தின் நடுவில்
பள்ளியில் தன்னை யானை என்று கூப்பிட்டதைச் சொல்லி
அழுதாள். பொய் அழுகை இல்லை.
மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்:
காலாண்டு இலக்கு, பன்னிரண்டு விழுக்காடு.
குரல் மாறவில்லை.

சுவரில் ஐந்து முகங்கள். மாடல்கள் அல்ல.
உண்மைப் பெண்கள் என்று கோப்புக்குப் பெயர்.
ஐந்தாவது கோகிலவாணி,
செந்தூல் கார் நிறுத்துமிடத்தில் இரவு வேலை,
கன்னத்தில் மூன்று அம்மைத் தழும்பு.
தழும்பைத் தொடாதீர்கள், அதுதான் நம் கதை என்றார்கள்.
தொடவில்லை.
நிறத்தை மட்டும் இரண்டு படி ஏற்றினார்கள்.
அச்சில் இருட்டிவிடுமாம்.

நான் வாயைத் திறக்கவில்லை.
இதே கம்பெனியின் இன்னொரு டப்பாவுக்கு
போன வருஷம்
ஏழே நாளில் நிலவொளி என்று எழுதியவள் நான்.
மூன்று சொல், இரண்டு வெள்ளி பத்துக் காசு.
பிள்ளை பெற்றதிலிருந்து எனக்கு இரு கன்னத்திலும் மங்கு.
எழுதி முடித்த வாரமே
அந்த டப்பாவை வாங்கினேன், அறுபத்தெட்டு வெள்ளி.
நானே எழுதிய பொய் என்று தெரிந்தும்
ஏழாம் நாள் காலை
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மார்ச்சில் செந்தூலில் வண்டியை எடுக்கப் போனேன்.
கூண்டுக்குள் அவள்.
போஸ்டரில் பார்த்தேன் என்றேன்.
"மூஞ்சி என்னோடதுதான்க்கா,
கலருதான் எங்க பெரியப்பா மகளோடது"
என்று சிரித்தாள். தழும்பு மூன்றும் சிரித்தன.
காலடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.
"நெறைய குடுத்தாங்க. எனக்கு அரிக்குது.
நீங்க போட்டுப் பாருங்க."

ஐந்து வெள்ளியைக் கொடுத்து
மீதி இருக்கட்டும் என்றேன்.
"மூணு போதும்க்கா."
இரண்டு வெள்ளி என் உள்ளங்கைக்குத் திரும்பியது.
தடுப்புக் கம்பு உயர்ந்தது.

ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்கில்
பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
பக்கவாட்டில், சீனத்துக்குக் கீழே, என் வரி.
யாரோ எழுத்துரு மாற்றியதில்
இரட்டைக் கொம்பு ஒற்றையாகியிருந்தது.

நீ இப்படி இருப்பதே பொதும்.

அப்படி ஒரு சொல் கிடையாது.
ஊர் முழுக்க ஒட்டி ஆறு வாரம் ஆகிறது,
ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.
நாலு சொல்லுக்கும் பணம் வந்துவிட்டது.

பின்னால் ஒரு மைவி ஹாரன் அடித்தது.
கண்ணாடியில் என் மங்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை.