மறு சிறகு

கெங்கிரேயாத் துறையில் வடகாற்று ஓயாத மூன்றாம் நாள்
கதவைத் தட்டியவன் கையில் பாதி வில்லை இருந்தது.
சுட்ட மண். உடைந்த ஓரம் நாய்ப்பல் போல.
"என் பாட்டனும் இந்த வீட்டுப் பாட்டனும்
ஒரே மேசையில் உப்புத் தின்றவர்கள்" என்றான்.
"மற்ற பாதி இங்கே இருக்க வேண்டும்."

வில்லையில் கழுகின் ஒரு சிறகு,
வழிப்போக்கரைக் காக்கும் ஜீயஸின் கழுகு.
மறு சிறகை
ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளே
கடலில் போட்டுவிடச் சொல்லியிருந்தாள் எசமானி நிகாரேத்தே.
சொன்னது என்னிடம்.

நான் தல்லூசா. திராக்கியாவிலிருந்து வந்தவள்.
வந்தவள் என்றால், கொண்டுவரப்பட்டவள்.
பதினான்கு வருஷமாய் இந்த வாசலில் கால் கழுவுகிறேன்.
எண்ணெய் வணிகர்களின் கால், மாலுமிகளின் கால்,
இப்போது கொஞ்ச காலமாய்
நிருபம் சுமந்து ஊர் ஊராய்ப் போகும் சகோதரர்களின் கால்.
குதிகாலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்:
இவன் கழுதையில் வந்தவன், இவன் பொய் சொல்கிறான்.

இவர்கள் மொழியில் ஒரு விசித்திரம்.
வருகிறவனும் க்ஸெனோஸ்,
கதவு திறக்கிறவனும் க்ஸெனோஸ்.
அந்நியன், விருந்தாளி, விருந்திடுகிறவன்
மூவரும் ஒரே சொல்லுக்குள் நெருக்கிப் படுத்துக்கொள்கிறார்கள்.
செம்போடு நிற்பவளுக்கு அதில் இடமிருக்கிறதா என்று
யாரும் விலக்கிப் பார்த்ததில்லை.

சபை மூப்பர் ஆளனுப்பிக் கேட்டார்:
நிருபம் உண்டா? எந்தச் சபை? எத்தனை நாள் தங்குவான்?
நிருபம் இல்லை.

எசமானி வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மறு பாதி இல்லை. தொலைந்துபோனது."
சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை, அது அவள் நல்ல குணம்.
பிறகு, "பசி இருக்கிறதல்லவா, அது போதும்.
பொருத்திப் பார்க்க வேறொன்றும் வேண்டாம்."

அன்று அவளே குனிந்தாள்.
கழுவத் தெரியவில்லை.
விரலிடுக்கை விட்டுவிட்டாள். தண்ணீரில் சூடு அதிகம்.
அவன் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தான்.
அவள் அழுதாள்.
நான் துண்டை நீட்டியபடி நின்றேன்,
வேலை பறிபோனவள் போல.

பயற்றங்கஞ்சி, ஒலிவக்காய், இரண்டு அப்பம், உப்பிட்ட சூரை.
உண்டு முடிக்கும்வரை பெயர் கேட்பதில்லை,
அந்தப் பழைய மரியாதை மட்டும் கடலில் விழவில்லை.
ஸோபுரோஸ். மிலேத்து ஊர்.
சாயம் தோய்த்த கம்பளி முப்பது பொதி, எல்லாம் மீன்களுக்கு.

இரவு விளக்குத் திரியைக் கிள்ளப் போனேன்.
இடுப்பு முடிச்சில் மறு சிறகு.
ஆம், நான் போடவில்லை.
எசமானியின் கடவுளை ஏமாற்ற அல்ல.
முன்பின் தெரியாத ஒருவன்
உரிமையோடு தட்டலாம் என்று சொன்ன பொருள்
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.
அதை எறியக் கை வரவில்லை.

தலைமாட்டில் கிடந்த அவன் பாதியோடு சேர்த்து வைத்தேன்.
சேர்ந்தது.
அலகருகே ஒரு சில்லு மட்டும் காணோம்.

அவன் தூங்கவில்லை.
"நீ யார்? எந்த ஊர்?" என்றான்,
சாப்பிட்டு முடித்த விருந்தாளியைக் கேட்பது போல,
அதே வரிசையில்.
நான் இன்னும் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லவில்லை.
ஊரைச் சொன்னேன்.
கேட்காமலே ஆற்றின் பெயரையும்.

விடியுமுன் அடுப்பு விளிம்பில் தட்டி
என் பாதியைப் பாதியாக்கினேன்.
சிறகு நுனி அவனுக்கு, தோள் எனக்கு.
அடிமைக்கு விருந்தாளி உண்டா என்று
சட்டம் படித்தவர்கள் முடிவு செய்யட்டும்.
மிலேத்துவில், கடலுக்கு அப்பால்,
நான் தட்டலாம் என்று ஒரு கதவு.

மூப்பரிடம் மன்றாடி
அடுத்த ஊருக்கு ஒரு நிருபம் வாங்கித் தந்தாள் எசமானி.
தெருமுனைவரை கூடவே நடந்தாள். நல்லவள்.

நான் முற்றத்துக்குத் திரும்பினேன்.
நேற்று கால் கழுவிய தண்ணீர்
ஒரு வைக்கோல் மிதக்க அப்படியே இருந்தது.
குனியக் கற்றுக்கொண்டவள்
கொட்ட மறந்திருந்தாள்.