மேல்நோக்கி

பிரிண்டர் ஓடவில்லை என்றுதான்
புதுவயலுக்குக் கூப்பிட்டார்கள்.
ஆலை வாசலில் ஏழு டிராக்டர்,
உமி பறந்து பல்லில் ஒட்டியது.
மேசைக்கடியில் குனிந்து நான் கேபிள் தேடும்போது
மேலே ஒரு குரல்:
"மெஷின்ல பதினேழு புள்ளி ரெண்டு காட்டுச்சு.
சீட்டுல பதினெட்டுனு இருக்கு?"
கவுன்டர் பையன் தலை நிமிராமல் சொன்னான்:
"சாஃப்ட்வேர் அப்டித்தாண்ணே."

மழை அப்படித்தான் என்பதுபோல.
மாடு அப்படித்தான் என்பதுபோல.

கேபிளைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.
அந்த சாஃப்ட்வேர் நான்.

ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
சதவீதத்துக்குக் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிவு;
பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கு.
வேலைக்குச் சேர்ந்த மாதம் எழுதிய வரி,
நூற்றுப் பன்னிரண்டாவது.
பிழையே இல்லாமல் ஒன்பது அறுவடை ஓடியிருக்கிறது.
நாற்பது குவிண்டால் ஏற்றி வந்த அந்தச் சாக்கோட்டைக்காரருக்கு
எட்டுக் கிலோ போகவேண்டிய இடத்தில் நாற்பது.
பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை கழித்துப் பார்த்தேன்.
முப்பத்திரண்டுதான்.

இரவே மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை.
இரண்டு நாள் தாங்கியது.
மூன்றாம் நாள் சோலையப்பன் சார்
செக்காலை ரோட்டு ஆபீஸில் விசிறியைக் கூட்டிவைத்து
"மெய்யம்மை, கோடு உன்னோடது.
ரூல் அவங்களோடது" என்றார்.
கோபமே இல்லை அவருக்கு. அதுதான் கஷ்டம்.
என் கையாலேயே திருப்பி வைத்தேன்.
குறிப்பு: பழைய முறைக்கு மாற்றப்பட்டது.

அதற்கு முன் இரண்டு தடவை
மேலாளர் பதவி வேண்டாம் என்றவள் நான்.
எனக்கு மனுசங்களோட பேச வராது சார்,
கம்ப்யூட்டர்னா சொன்னதைச் செய்யும்.
சொன்னதைச் செய்துகொண்டிருந்தது யார் என்று
அந்த வாரம்தான் புரிந்தது.
மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.
நானே போய்க் கேட்டேன்.

பிறகு
ஆலைக்காரர்கள் கூட்டங்களில் குடித்த டீ,
தின்ற கெட்டி வடை,
"பொம்பளப் புள்ள, அரிசி அரவை பத்தி என்ன தெரியும்"
என்பதற்குச் சிரித்த சிரிப்பு,
இவை எதற்கும் கையேடு இல்லை.
மூன்று மாதச் சீட்டுகளை அச்செடுத்து எடுத்துப்போனேன்.
ஒருமுறை வந்து, சீட்டைப் பார்த்து,
அடுத்த போகம் அறந்தாங்கிக்குத் திரும்பிய
வண்டிகளின் நம்பர் மட்டும் மஞ்சளில்.
அடைக்கலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"ஒங்க சாஃப்ட்வேருதான? நீங்களே போட்டுட்டு
நீங்களே தப்புங்குறீகளா?"

ஆமா, என்றேன்.

எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன்,
அந்த ஒற்றைச் சொல்லுக்கு வியர்த்ததுபோல்
எதற்கும் வியர்த்ததில்லை.

ஒரு போகத்துக்குப் பார்ப்போம் என்றார்.
அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

திருத்தியது ஜெனிட்டா.
"அக்கா, மேல்நோக்கியை எடுத்துட்டாப் போதுமா?"
போதும்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அவளுக்கு.
அந்த வரிக்கு நேராக இப்போது அவள் பெயர்.
என் பக்கம் மாதக்கணக்கில் காலி;
விரல்கள் சும்மா இருக்கமுடியாமல்
மீட்டிங் மேசையில் தாளம் போடுகின்றன.
சில ராத்திரி, யாருக்கும் சொல்லாமல்,
யாருக்கும் வேண்டாத ஒரு சின்ன நிரல் எழுதி
ஓடுகிறதா பார்த்துவிட்டு அழித்துவிட்டுத் தூங்குகிறேன்.

பதினோரு ஆலையில் நான்குக்கு அப்படி,
ஏழுக்குப் பழையபடி.
அதனால் நூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
இப்போது ஓர் 'எனில்' உட்கார்ந்திருக்கிறது.
நன்றாக எழுதப்பட்ட, அசிங்கமான வரி.

வியாழக்கிழமை கண்டனூரில் பேசவேண்டும்.
அந்த முதலாளிக்கு வடை ஆகாதாம்,
கணக்கு மட்டும்தான் ஆகுமாம்.
மஞ்சள் பேனா தீர்ந்துவிட்டது.
வாங்கவேண்டும்.