புல்

செட்டிச்சாவடி தாண்டி, தோண்டி விட்டுப் போன
வெள்ளைக்கல் குழியின் ஓரம் எங்கள் மைதானம்.
நான் சுடுவதில்லை. கணக்கு எழுதுகிறேன்.
உடைந்தால் கோடு. தப்பினால் சுழி.

களிமண் புறா என்கிறோம்.
மண் இல்லை அதில்; சுண்ணாம்புக்கல் தூளும் தாரும்.
புறாவும் இல்லை.
முன்பு இருந்ததாம், உயிரோடு, பெட்டிக்குள்.
கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும்,
வெளிச்சத்தை நம்பி மேலே வரும்.
அப்புறம் கண்ணாடி உருண்டை, உள்ளே இறகு அடைத்து,
செத்த மாதிரியாவது தெரியட்டும் என்று.
அப்புறம் சுட்ட மண் வட்டு.
சுட்டதையே திரும்பச் சுட்டார்கள்.
வெட்கம் படிப்படியாகத்தான் வந்திருக்கிறது;
பெயர் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்கீட் என்பது
பத்திரிகைப் போட்டி ஒன்றுக்கு
யாரோ ஒரு பெண் எழுதி அனுப்பி
நூறு டாலர் வாங்கிய சொல்.
வடக்கே பனிநாட்டுப் பழம்பேச்சில்
‘சுடு’ என்று அர்த்தமாம்.
எனக்கு அது
ஆணியில் மாட்டிச் சட்டை கிழிகிற சத்தம்.

கயிறு போய்விட்டது, ‘புல்’ மட்டும் மிச்சம்.
இழு என்கிறார்கள், இழுக்க ஒன்றும் இல்லாமல்.
கம்பத்தில் மைக். குரல் கேட்டால் இயந்திரம் வீசும்.

ஜெசிந்தா நாகலூரிலிருந்து இறங்கி வருவாள்
இருபது கொண்டை ஊசி வளைவும் கழுத்தில் வலிக்க.
நகக்கண்ணில் மிளகு வாசம்.
அவள் வாயில் ‘புல்’ கொஞ்சம் மடங்கி
‘புள்’ என்று விழும்.
பறவையைத்தான் கூப்பிடுகிறாள் என்று
பல நாள் நினைத்திருந்தேன்.

நேற்று இருபத்து நான்கும் கோடு.
கடைசி ஒன்று.
துப்பாக்கி தோளில், மூச்சு உள்ளே,
வாய் இன்னும் திறக்கவில்லை.

குழிக்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் புதருக்குள்
மயில் அகவியது.

மைக் அதைக் கேட்டுக்கொண்டது.
ஆரஞ்சு வட்டு கிளம்பி,
சேர்வராயன் மலைக்குக் குறுக்கே தாழ்ந்து,
வெள்ளைப் பொடியில் முழுசாகப் போய் உட்கார்ந்தது.
ஒருவரும் சுடாத வட்டு எப்படி இறங்கும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடுவர் அங்கமுத்து மயிலைப் பார்த்தார்,
ஜெசிந்தாவைப் பார்த்தார்,
விதிப் புத்தகத்தில் உள்ளபடி கத்தினார்:
“நோ பேர்டு!”

அதற்கும் ஒரு வட்டு கிளம்பியது.
மயில் விடவில்லை, பதில் சொன்னது.
இன்னொன்று.

ஜெசிந்தா குழலை மடக்கித் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் பேனாவை மூடிவிட்டுத் திறந்தேன்.

நான்காவதுதான் அவள் கேட்டது.
சிரிப்பு அடங்குவதற்குள் சுட்டாள்.
சுழி.