கிராம்பு, ஒரு மூட்டை

நாற்பத்தொரு வருசமாய்
புளூமெண்டால் வீதிக் கிடங்கில் கிடந்த பெட்டி.
அனுப்பிய இடம்: சால்ஸ்பேர்க்.
பெறுநர்: கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள்.
பொருள்: கிராம்புஸ், ஒன்று.

அந்தக் காலத்துச் சுங்க அதிகாரி
கடைசி எழுத்தைத் தூசி என்று தட்டிவிட்டு
கிராம்பு என்று பதிந்தார்.
பிறகு யோசித்தார்:
கிராம்பு காய்க்கிற நாட்டுக்குக் கிராம்பு அனுப்புகிறவன்
கட்டாயம் கள்ளன்.
முத்திரை விழுந்தது.

நான் துறைமுகக் கிளார்க், லெம்பட் மொத்தா.
நத்தாருக்கு முதல்நாள்
மசாலா மலிவென்று ஏலத்தில் எடுத்தேன்.

பூட்டை உடைத்ததும் வந்தது ஆட்டு மொச்சை.
அப்புறம் மணி, மாட்டுக்குக் கட்டுகிற மணி.
அப்புறம் கொம்பு.
அப்புறம் முழங்கால்வரை ஒரு நாக்கு.
ஒரு கால் குளம்பு, மற்றது மனிதக் கால்,
அதில் காலாணி.
கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
சத்தம் டெமரேஜில் நின்றுவிட்டது.

"இன்று ஐந்தாம் தேதியா?"
இருபத்துநாலு என்றேன்.
"எந்த வருசம்?"
சொன்னேன்.
நாக்கை மெல்லச் சுருட்டி
உள்ளே வைத்துக்கொண்டது.

பேர்ச் மரத்துப் பிரம்புகளைத்
தாவரத் தடுப்புக்காரர் அப்போதே எரித்துவிட்டார்கள்.
கிடங்குக் காவலாளியின் ஈர்க்கு விளக்குமாற்றைக் கொடுத்தேன்.
காற்றில் ஒரு வீசு.
"பரவாயில்லை" என்றது, தொழில் தெரிந்த குரலில்.

ஆட்டோவில் ஏற்றினேன். கொம்பு கூரையைக் கிழித்தது.
சாரதி திரும்பிப் பார்த்தான்,
நூறு ரூபாய் கூட்டினான்.
ரோமத்துக்குள் அவிந்துபோய்
வழியில் ஏழு செவ்விளநீர் குடித்தது,
என் கணக்கில்.

பட்டியலை விரித்தது.
பெர்ப்பேச்சுவா, வயது ஏழு, பொய்.
அவள் ஸ்காபரோவில் பனி வாருகிறாள் என்றேன்.
பனி என்றதும் அதற்கு மூக்கு நனைந்தது.
றெஜினோல்ட், ஒன்பது, உண்டியல் சில்லறை.
இப்போது வங்கி முகாமையாளர்.
கரோல் கோஷ்டி என்று நினைத்து
கதவுச் சங்கிலிக்கு மேலால் கவர் நீட்டினார்,
பாட்டு வேண்டாம் என்றார்.
ஃபேபியன் வீட்டில் லிஃப்ட் இல்லை. ஒன்பதாம் மாடி.
ஐந்தாவதில் படுத்துவிட்டது.

குகன், வயது எட்டு,
பாலன் குடிலில் ஒட்டகம் திருடியது.

ஜம்பட்டா வீதியில் அந்த இலக்கத்தில்
தளபாடக் கடை.
"எங்கே போனான்?"
எண்பத்துமூன்று என்றேன்.
"அது வருசம். நான் கேட்டது இடம்."
ஆடி மாதம் என்றேன்.

பிள்ளைகளைச் சாக்கில் போடவென்றே பிறந்தது அது.
பூட்டிய ஷட்டரில் நெற்றியை முட்டுக்கொடுத்து
கொஞ்ச நேரம்
மணியின் நாக்கைப் பொத்திப் பிடித்தபடி நின்றது.

ஒட்டகத்தை எடுத்தவன் நான்.
ஆறு அடி வாங்கியவன் குகன்.
அழவில்லை அவன். என்னைப் பார்க்கவுமில்லை.
சொல்லிவிட்டேன்.
சாக்கின் வாயை நானே விரித்துப் பிடித்தேன்.

"உன் பெயர் இதில் இல்லை."
சேர்.
"திருத்தமென்றால் மூன்று பிரதி.
சால்ஸ்பேர்க் முத்திரை.
கப்பலில் போகவேண்டும், வரவேண்டும்."
முப்பது வருசமாய்க் கவுண்டருக்குப் பின்னாலிருந்து
நான் பேசுகிற அதே குரல்.

லூசியா கோவிலில் நள்ளிரவு மணி அடிக்க
ஆட்டு மொச்சை குறைந்துகொண்டே போனது.
சாக்கு மட்டும்
என் வீட்டுக் கதவு ஆணியில் தொங்கியது.
அதில் ஒரு துண்டு: நிலுவையில்.

ஜெரோமினா அதில் வெங்காயம் போட்டாள்.
விடிந்தால் வெங்காயம் இல்லை.
எலி என்றாள்.
அலுமாரிக்குள்ளிருந்த ஒட்டகத்தை,
ஒரு காது உடைந்தது,
அவள் குளிக்கும்போது உள்ளே போட்டுப் பார்த்தேன்.
துப்பியது.

முதல்நாள் அது எட்டு வயதுப் பிள்ளை அளவு.
ஒவ்வொரு இரவும் ஒரு விரற்கடை கூடுகிறது.
நேற்று என் நெஞ்சுமட்டம்.
நல்ல சாக்கு என்கிறாள் அவள்,
இன்னும் கொஞ்சம் பெருத்தால்
அரிசியும் போடலாமாம்.