சமதரை

எய்லிஃபுக்குக் கடல் தெரிய வேண்டும்.
எனக்கு வாடைக்காற்று படாமல் இருந்தால் போதும்.
நார்வேக் கரையோரம் எண்ணி மாளாத தீவுகள்,
இந்த ஒன்றிலேயே ஒரு மணி நேரமாய்ச் சுற்றுகிறோம்,
கயாக்குகளைப் பாறைமேல் போட்டுவிட்டு.

வெண்மணல் அழகுதான்.
ஆனால் காய்ந்த பாசிக்கோடு புல்விளிம்புவரை ஏறியிருக்கிறது.
நேற்றிரவு கடல் இங்கேதான் படுத்திருந்தது.
நாளை பௌர்ணமி. ஓதம்
கேட்டுக்கொண்டா வரும்?

மேட்டில் ஈரம். அதற்கப்பால்
ஆட்டுப்புழுக்கை.

கடைசியில் அகப்பட்டது:
இரண்டு பாறைகளுக்கு நடுவே
எங்கள் முதுகை அளந்து வெட்டியதுபோல் ஓர் இடம்.
முளை ஊன்றக் குனிந்தேன்.
புள்ளி வைத்த மூன்று கூழாங்கற்கள்.

கற்கள் இல்லை.

தலைக்குமேல் ஒரு சிவந்த அலகு
எங்களை வாங்கு வாங்கென்று வாங்கியது.
"டோருன், எடு பையை" என்றான்,
தலையில் கைவைத்தபடி ஓடிக்கொண்டே.

இப்போது சரிவில் கிடக்கிறோம்.
இருட்டாத ராத்திரி.
அங்குலம் அங்குலமாக
நான் அவன்மேல் சறுக்குகிறேன்,
அவன் கூடாரத்துணிமேல்.

கடல் நன்றாகத் தெரிகிறது.
காற்றும்.
கீழே, அந்த நல்ல இடத்தில்,
ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.