பத்து மணிக்கு நான் வீட்டில் இல்லை

களவெடுத்த கொப்புத்தான் பிடிக்கும் என்பார்கள்.
பல் வைத்தியரின் வாசலில்
கன்னம் விறைத்து நின்ற பின்னேரம்
மதிலால் வழிந்து கிடந்ததில்
ஒரு விரல் நீளம் கிள்ளி
மருந்துத் துண்டில் சுற்றிக்கொண்டேன்.
வாய் கோணியிருந்தது.
நான் சிரித்ததை
ஒருவரும் கண்டிருக்க முடியாது.

பால்மாப் பேணி.
அடியில் ஆணியால் நாலு ஓட்டை.
அலஸ்தோட்டத்துக் கடல்மணலை
மூன்று தரம் அலசி
நாக்கில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன்
உப்புப் போய்விட்டதா என்று.
பாதிக்குப் பாதி ஆட்டெரு.
பச்சை பூசிய சோற்றுப் பருக்கைகளாய்
கொழுகொழுவென்று இலை விட்டது
பத்துமணிப் பூச்செடி.

தாகம் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை.
நான்தான் ஊற்றினேன்,
காலையில் ஒரு கப், இரவில் ஒரு கப்.
வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது
எதற்காவது எதையாவது
கொடுக்கவேண்டும் போலிருக்கும்.
மூன்றாம் கிழமை
அவித்த வெங்காயம்போலத் தண்டு கண்ணாடியாகி
தொட்ட இடத்தில் கழன்று வந்தது.

இரண்டாம் முறை
பல்வலி இல்லாமலே போனேன்.

இப்போது மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன்.
விரலில் ஒட்டினால் தண்ணீர் இல்லை.
ஒட்டாவிட்டாலும்
நாளைக்குப் பார்ப்போம் என்று விடுகிறேன்.
கைகட்டி நிற்பதற்கு
இத்தனை பலம் வேண்டியிருக்கிறது.

ஏழு பத்துக்குச் சீனக்குடா பஸ்.
மாவு ஆலையின் கணக்குப் பகுதியில்
பத்து மணிக்குப் பிளேன்டீ வரும்.
அது ஆறிக்கொண்டிருக்கையில்
டைக் வீதி மதிலில்
என் பேணி திறந்துகொண்டிருக்கும்.
ஐந்தரைக்கு நான் வந்து காண்பதெல்லாம்
மழையில் நனைந்த பஸ் டிக்கெட்டுகள்போல
சுருண்ட கொஞ்சம் ரோஸ் நிறம்.

எதிரே ஓட்டோ நிறுத்தும் நிஸ்தார்தான் சொல்வான்:
"இண்டைக்கு ஏழு அக்கா.
ஆறு ரோஸ். ஒண்டு என்ன கலரெண்டே தெரியல்ல."
நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
வரவு: ஏழு.
நேரில் கண்டது: இல்லை.

போயாவுக்கு லீவு.
ஒன்பதரைக்கே கதிரை போட்டு உட்கார்ந்தேன்.
கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து
முகில் ஒன்று ஏறி வந்து
நகரமாட்டேன் என்றது.
பதினொன்று. பன்னிரண்டு.
பல் வைத்தியரின் கதிரையில் ஏற்றிய பிள்ளைகளாய்
ஒன்பது மொட்டும் வாயை இறுக்கிக்கொண்டன.
நிஸ்தார் எதுவும் சொல்லவில்லை.
ஓட்டோவின் கண்ணாடியைத்
துடைத்ததையே துடைத்தான்.

கச்சான் காற்றுக்குப் புல்லெல்லாம் கருகிய மாதம்
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்தன.
மதிலுக்கு வெளியே இரண்டு சாண் தொங்கியதை
இடியப்பம்போல உறிஞ்சித் தின்றதாம் ஒன்று.
நிஸ்தார் கை தட்டினானாம்.
நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு
மிச்சத்தையும் மென்றதாம்.
எட்டுப் பூ.
எந்தச் செலவில் எழுதுவது?

கம்பி கட்டி விறாந்தை வளையில் தூக்கினேன்.
ஒரு மாதம். ஒரு மொட்டில்லை.
வெளிச்சத்தைத் தேடி
தண்டுகள் வெளிறி நீண்டன.
மானுக்கு எட்டாத இடத்தில்
வெயிலுக்கும் எட்டவில்லை.
இறக்கி, பழையபடி
மதிலிலேயே வைத்தேன்.
வருகிறது வரட்டும்.

மானின் வாயிலிருந்து தவறிய துண்டொன்று
கானோரம் சீமெந்து வெடிப்பில்
வேர் பிடித்திருக்கிறது.
ஒருவரும் நடவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை.
நிஸ்தார் இப்போது
சில்லை ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறான்.

நேற்று இறங்கி வரும்போது
எத்தனை என்று கேட்டேன்.
"எண்ணத் தொடங்கினன் அக்கா,
ஹயர் ஒண்டு வந்திட்டுது."

வரவு என்று எழுதி
அப்படியே விட்டிருக்கிறேன்.